எங்கள் கார் நின்ற ஊர்கள்! - தாம்பரம் முதல் மேல்மலையனூர் வரை

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு ஜி.எஸ்.டி சாலை அத்துப்படி. தாம்பரம் தாண்டினால் செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் எனப் பச்சைப் பலகைகளில் ஊர்ப் பெயர்கள் வரும், போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாதிச் சென்னை கடக்கும் சாலை இது. ஆனால், டீக்கும் டோல்கேட்டுக்கும் தவிர இந்த ஊர்களில் யாரும் நிற்பதில்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் நின்றிருக்கிறோம். நாங்கள் விரும்பிய இடத்தில் அல்ல. எங்கள் கார் விரும்பிய இடத்தில்.

அப்பா மின்வாரியத்தில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் 9 லட்சம் ரூபாயை எடுத்து ஒரு புதுக் கார் வாங்கினார். காரணம், எங்கள் ஆயா. வயது 78. எங்கள் குலதெய்வம் மேல்மலையனூர் அங்காளம்மன். அமாவாசை தவறாமல் போய்க்கொண்டிருந்த ஆயாவுக்கு முட்டி தேய்ந்து, பஸ் படி ஏற முடியாமல் போனது. ``அம்மாவ வாசல்ல ஏத்தி, கோயில் வாசல்ல இறக்கணும்'' என்பதுதான் அப்பாவின் ஆசை. தாம்பரத்திலிருந்து மேல்மலையனூர் 150 கிலோமீட்டருக்குள்தான். மூன்று மணி நேரப் பயணம்.

அந்த மூன்று மணி நேரத்தை முழுசாக ஓட முடியாத கார் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. 14 மாதங்களில் ஏழு முறை நடுவழியில் நின்றது. இரண்டு முறை பல்லாவரத்திலும் வண்டலூரிலும், வீட்டுக்குப் பக்கத்திலேயே. மற்ற ஐந்தும் இந்தச் சாலையில்.

கொளவாய் ஏரி

செங்கல்பட்டுக்குள் நுழையும்போது கூடவே வரும் பெரிய ஏரி கொளவாய். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ரயில் பாதை. ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் எட்டிப் பார்க்கும் ஏரி இது. அதன் அழகை நான் நின்று பார்த்தது, கார் வாங்கிய இரண்டாவது மாதம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த வண்டியில் திடீரென்று சத்தம் அடங்கியது. எச்சரிக்கை விளக்கு இல்லை, குலுக்கல் இல்லை. இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கும். பிரேக்குக்கு உதவும் காற்றழுத்தம் ஓரிரு மிதிக்கு மட்டும்தான் மிச்சமிருக்கும். அதற்குப் பிறகு பிரேக்கும் இறுகும். அப்பா பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே மிதியாக அழுத்திக்கொண்டே இடதுபக்கம் ஓரங்கட்டினார். நான்கு விளக்கையும் மின்ன விட்டு, எல்லோரையும் இடதுபக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உள்ளே உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அன்றுதான் எங்கள் போன்களில் பதிந்துகொண்டோம்.

25 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

மறுநாள் சர்வீஸ் சென்டர். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. `வாடிக்கையாளர் கூறிய குறை காணப்படவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதி, வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள்.

அன்று மாலை அப்பா ஒரு நோட்டு வாங்கினார். தேதி, நேரம், இடம், வேகம், எத்தனை நிமிடம் ஓடிய பிறகு நின்றது, வெயிலா மழையா, ஏசி போட்டிருந்ததா, எத்தனை நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது எனக் கட்டம் போட்டார். ``கம்பி அறுந்து விழுந்தா யார் வேணா கண்டுபுடிச்சிடலாம்மா. வந்து வந்து போற ஃபால்ட்டுதான் ஆளக் கொல்லும்'' என்றார். இந்தக் கட்டுரைக்கான குறிப்புகள் எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான்.

மதுராந்தகம்

இரண்டாவது நிறுத்தம் மதுராந்தகம். இங்குள்ள ராமருக்கு `ஏரி காத்த ராமர்' என்று பெயர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பகுதியின் கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். அடைமழையில் ஏரிக்கரை உடையப் போகிறதா என்று பார்க்க அவர் இரவில் போனபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காத்தார்களாம். கரை உடையவில்லை. நன்றிக்கடனாகத் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார் என்கிறது தல வரலாறு. ராமானுஜருக்குப் பெரிய நம்பி தீட்சை தந்த ஊரும் இதுதான்.

ரெக்கவரி வண்டி வரும்வரை நேரம் இருந்ததால் ஆயாவை ஆட்டோவில் கோயிலுக்கு அழைத்துப் போனேன். ``ஏரியவே காத்தவரு, நம்ம காரக் காக்க மாட்டாரா?'' என்று கும்பிட்டது ஆயா.

இந்த முறை பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். வாரன்டி என்பதால் காசு இல்லை. ஆனால், வண்டி 11 நாள் உள்ளே கிடந்தது. அமாவாசை போனது.

அச்சிறுபாக்கம்

மதுராந்தகத்தைத் தாண்டி அச்சிறுபாக்கம். சாலையிலிருந்து பார்த்தாலே மலைமேல் மழை மலை மாதா ஆலயம் தெரியும். ஊருக்குள் ஆட்சீஸ்வரர் கோயில், சம்பந்தர் பாடிய தலம். இந்த ஊரின் பெயரே ஒரு வண்டி நின்ற கதைதான்! திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காமல் தேர் ஏறினாராம். தேரின் அச்சு இற்று முறிந்துபோனது. அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம் ஆனது. அதனால் புது வண்டி வாங்குகிறவர்கள் இங்கே வந்து விநாயகரை வேண்டிக்கொள்கிறார்கள்.

எங்கள் கார் நின்றது இந்த ஊரின் எல்லையில். ஆயாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. ``சிவன் தேரே நின்ன ஊரு. நம்ம வண்டி எம்மாத்திரம்?''

தேர் ஏன் நின்றது என்று சிவனுக்கு உடனே தெரிந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. மூன்றாவது ஜாப் கார்டிலும் அதே வரி: குறை காணப்படவில்லை. பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து, இன்ஜினின் கணினிக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றி அனுப்பினார்கள்.

இதில் டீலரை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் சொல்ல வேண்டியதுதான். இன்றைய கார்களில் ஏராளமான சென்சார்களும் இணைப்பு முனைகளும் இருக்கின்றன. ஒரு முனை சூட்டில் விரிந்து தொடர்பு விட்டால் வண்டி நிற்கும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறியிருக்கும். கண்ணில் படாத குறைக்கு வாரன்டியில் பாகம் மாற்ற, அவர்கள் கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆக, அவர்கள் பார்ப்பது ஓடுகிற காரை. நாங்கள் பார்ப்பது நிற்கிற காரை.

திண்டிவனம்

புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் திருச்சிக்கும் பாதை பிரியும் ஊர் திண்டிவனம். பைபாஸ் ஓரம் டயர் கடைகள், லேத் பட்டறைகள், மெக்கானிக் ஷெட்டுகள். அப்படி ஒரு ஷெட்டுக்கு 200 மீட்டர் முன்னால் நான்காவது முறை நின்றது.

வந்த மெக்கானிக் அண்ணனிடம் அப்பா நோட்டை நீட்டினார். அவர் படித்துவிட்டு, ``எல்லாமே ஒரு மணி நேரம் ஓடுனப்புறம்தான் சார் நிக்குது. மழை நாள்ல ஒரு தடவகூட நிக்கல. சூடு சம்பந்தப்பட்டது'' என்றார். இன்ஜினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் க்ராங்க் சென்சார் மீது ஈரத் துணியைப் போட்டார். ஐந்தே நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. அந்தத் தகவல் வராவிட்டால் கணினி பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும் என்று விளக்கினார்.

``நீங்களே மாத்திடுங்களேன்'' என்றார் அப்பா.

``வேணாம் சார். நான் கை வெச்சேன்னு தெரிஞ்சா அதையே சொல்லி வாரன்டி இல்லன்னுடுவாங்க. டீலர்கிட்டயே எழுதி வாங்குங்க.'' டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை அவர்.

டீலரிடம் சொன்னோம். சென்சாரை மாற்றினார்கள். இரண்டு மாதம் வண்டி பட்டுப்போல ஓடியது. ஆயா இரண்டு அமாவாசைக்கு ஊஞ்சல் உற்சவம் பார்த்தது. வீட்டில் எல்லோரும் நோட்டை மறந்துபோனோம்.

செஞ்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை, செஞ்சிக் கோட்டையை ஊடுருவிக்கொண்டு போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனப் பாறைகளை அடுக்கி வைத்தாற்போல மூன்று மலைகள். 1690-களில் மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை ஏறக்குறைய எட்டு வருடம் முற்றுகையிட்ட கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. அந்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

ஊஞ்சல் உற்சவம் நள்ளிரவில்தான் நடக்கும். முடிந்து திரும்பும்போது அதிகாலை 2 மணி. கோட்டையைத் தாண்டும் வளைவில் வண்டி செத்தது. தெரு விளக்கு இல்லை. பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் எங்களைப் பார்த்து, ஹாரனை அலறவிட்டு ஒடித்துத் திருப்பிப் போனது. அந்தக் காற்றில் கார் ஆடியது. உள்ளே ஆயா, வேகமாக இறங்க முடியாத முட்டி. நானும் அப்பாவும் தூக்காத குறையாக இறக்கி, பாறை ஓரம் உட்கார வைத்தோம்.

முன்பு அந்தக் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் முற்றுகைக் கதையைச் சொல்லிக் கிண்டல் செய்வார் அப்பா. அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. விடியும்வரை கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு சாலையோரம் நின்றார். வீடு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினார். ``இனிமே இந்த வண்டியில அம்மா ஏறக் கூடாது.''

யாருக்காக வாங்கினாரோ, அவரே ஏற முடியாத கார் ஆகிவிட்டது.

மறுபடி செங்கல்பட்டு

இந்தச் சாலையில் எங்கள் ஆறாவது நிறுத்தத்தைக் கார் தேர்ந்தெடுக்கவில்லை, அப்பா தேர்ந்தெடுத்தார். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

நாம் புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அமெரிக்காவில் சரியாகவே ஓடாத வண்டிக்குத்தான் `எலுமிச்சை' என்று பெயர். அப்படிப்பட்ட காரை மாற்றித் தர வைக்கும் `எலுமிச்சைச் சட்டம்' கனெக்டிகட் மாநிலத்தில் 1982-லேயே வந்தது. நம் நாட்டில் கார்களுக்கென்று தனியாக அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், நாங்கள் தெரிந்துகொண்டவை இவை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால், பிரச்னை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பார்க்கலாம்.

முக்கியமானது, காகிதம். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு கேட்டு வாங்குங்கள். `ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். `ஓடும்போது இன்ஜின் நின்றது' என்று நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். நிற்கும் இடத்தில் மீட்டரோடு சேர்த்து ஒரு வீடியோ எடுங்கள். குறை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது நாம்தான். அதற்கு நிபுணர் அறிக்கை தேவைப்படலாம்.

மனுவோடு ஏழு ஜாப் கார்டுகளையும் நோட்டின் நகலையும் அப்பா இணைத்திருக்கிறார். `குறை காணப்படவில்லை' என்ற வரி அவற்றில் நான்கு முறை வருகிறது. நோட்டில் ஏழு ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. எது உண்மை என்று ஆணையம் சொல்லட்டும்.

மேல்மலையனூர்

போன அமாவாசைக்கு பஸ்ஸில் போனோம். அமாவாசை தோறும் மேல்மலையனூருக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். அப்பா முன்னால் ஏறிக் கையைப் பிடித்து இழுக்க, நான் பின்னாலிருந்து தாங்க, நடத்துநர் பையை வாங்கிக்கொள்ள, இரண்டு நிமிடத்தில் ஆயா உள்ளே ஏறிவிட்டது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்து ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள்.

கொளவாய் ஏரி வந்தது, போனது. மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் எல்லாம் நிற்காமல் ஓடின. ஒவ்வொரு ஊராகக் காட்டி, ``இங்கதான் நின்னுச்சு, இங்கதான் நின்னுச்சு'' என்று பக்கத்தில் இருந்தவருக்கு ஆயா கதை சொல்லிக்கொண்டே வந்தது.

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். 14 மாதமாக இந்தச் சாலையில் இன்ஜின் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே வந்த மனிதர், கம்பியில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.