திருவக்கரை: மரமும் அது கிடக்கும் மண்ணும்

திருவக்கரையின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருபவள் வக்ரகாளி. சம்பந்தர் பாடிய தலம், சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய சந்திரமௌலீசுவரர் கோயில், மூன்று முகம் கொண்ட இலிங்கம் என்று ஊரின் வரலாற்றை ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குள் முடித்துவிடலாம். ஊரை ஒட்டிக் கம்பிவேலிக்குள் கிடக்கும் கல்மரங்களின் வரலாறு அதற்குள் அடங்காது. வக்ராசுரனைத் திருமால் கொன்றார், அவன் தங்கை துன்முகியைக் காளி கொன்றாள், அந்த அசுரர்களின் எலும்புகளே இங்கே கல்லாகிக் கிடக்கின்றன என்று தலபுராணத்தை ஒட்டி மக்கள் சொல்லிவந்தார்கள். இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இவை ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவை, பிறகு ஏதோ ஒரு பெரும் விசையால் வீழ்த்தப்பட்டவை என்ற இரண்டு செய்திகள் அக்கதைக்குள் இருக்கின்றன. இரண்டுமே சரி. 1781இல் இவற்றைப் பற்றி எழுதிவைத்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா, இவை மரங்கள் என்பதை ஐரோப்பியருக்குத் தெரிவித்தார். அவ்வளவே.

கல்மரப் பூங்காவைப் பற்றிய அறிமுகங்கள் எல்லாம் ‘2 கோடி ஆண்டுப் பழமை’ என்ற ஒரே எண்ணில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. இந்த எண்ணை அத்தனை உறுதியாகச் சொல்ல இடமில்லை. மரங்கள் புதைந்துள்ள, கடலூர் மணற்கல் எனப்படும் படிவில் வயதைக் கணக்கிட உதவும் எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இல்லை. மேலும் கீழும் உள்ள படிவுகளோடு ஒப்பிட்டே மயோசீன் காலம், அதாவது 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்ட காலம் என்கிறார்கள். சற்றுப் பிந்தைய பிளியோசீன் வரை நீட்டுவோரும் உண்டு. தெற்கே நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியையும் நெடுங்காலம் மயோசீன் என்றே எழுதிவந்தார்கள். அதிலுள்ள மகரந்தத் துகள்களை ஆராய்ந்த சிலர் அதை இன்னும் பழமையான ஈயோசீனுக்குத் தள்ளுகிறார்கள். அப்படியானால் நெய்வேலிச் சதுப்பையும் திருவக்கரைக் காட்டையும் ஒரே காலத்துக் காட்சியாக இணைத்து எழுதுவது செல்லாது. வயதில் பிடிவாதம் வேண்டாம். வயதைவிடப் பெரிய செய்தி மரத்துக்குள்ளேயே இருக்கிறது.

பூங்காவில் எந்த மூலை பிடிக்கும் என்று கேட்டால், நீளமான மரங்கள் கிடக்கும் இடத்தைச் சொல்லமாட்டேன். உடைந்த அடிமரத்தின் குறுக்கு முகம் வெளியே தெரியும் இடம்தான் என் இடம். தோற்றத்தில் மரம், தொட்டால் கல். வெள்ளத்தில் வந்து மணலுக்குள் விரைவாகப் புதைந்ததால் காற்றுப் படாமல், மக்காமல் தப்பிய மரம் அது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா அதன் உயிரணுக்களுக்குள் ஊறிப் படிந்தது. செல் சுவர்கள் எங்கெங்கு இருந்தனவோ அங்கங்கேயே கல்லாக நிலைத்தன. இப்படிப்பட்ட கல்லில் ஒரு துண்டை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் நீர் ஏறிய சைலக்குழாய்கள், அவற்றுக்கிடையே ஓடும் கதிர்கள், பிசின் நாளங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். எந்தக் குடும்பத்து மரம் என்பதை அந்த அமைப்பை வைத்தே சொல்கிறார்கள். 1931இல் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி இங்கிருந்து கிடைத்த ஒரு மரத்தை மெசெம்ப்ரியாக்ஸிலான் என்ற பேரினத்தில் வைத்தார். அது போடோகார்ப்பஸ் வகையைச் சார்ந்த கூம்புத் தாவரம். இன்று தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்பு மரம், அகத்தியமலை போன்ற மழைமிகு மலைக்காடுகளில் நிற்கும் நாஜியா; அதுவும் இதே சுற்றத்தைச் சேர்ந்தது. அந்தச் சுற்றத்தின் அடிமரம் ஒன்று, மழையில் பெரும்பகுதியை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வாங்கிக்கொண்டு கோடையில் காய்ந்து கிடக்கும் விழுப்புரச் சமவெளியில் கிடக்கிறது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் புளி, மருது, மா, ஆமணக்கு, குங்கிலியம் ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களையும் கடலூர் மணற்கல்லில் அடையாளம் கண்டார்கள். இன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தமானிலும் தேடவேண்டிய காட்டின் உறுப்பினர்கள் பலர் கிழக்குக் கரையில் இருந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குங்கிலியக் குடும்பத்து மரங்கள் எல்லாமே மழைக்காட்டு மரங்களா? இல்லை. மத்திய இந்தியாவின் சால் மரம் நீண்ட கோடையைத் தாங்குகிறது. தமிழகத்தின் வறண்ட மலைகளிலும் அக்குடும்பத்து மரம் உண்டு. ஆகவே குடும்பப் பெயரை மட்டும் வைத்து மழையை அளக்கக் கூடாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மரத்தின் உடலமைப்பு தன் சுற்றத்தை நம்பாமலே சாட்சி சொல்லும். அகன்ற குழாய் நிறைய நீரை ஏற்றும். வறட்சியில் அதில் காற்றுக்குமிழ் புகுந்து நீரோட்டம் அறுந்துபோகும் ஆபத்தும் அதிகம். வறண்ட நிலத்து மரங்கள் பெரும்பாலும் குறுகிய குழாய்களைப் பெருக்கிக்கொள்வது அதனால்தான். கல்லான மரத்தில் குழாய்கள் அகன்று, எண்ணிக்கையில் குறைந்து இருந்தால், எந்தக் குடும்பமானாலும் அது நீருக்குத் தவிக்காத மரம் என்று கருத இடமுண்டு. ஆண்டு வளையம் தெளிவாக இல்லை என்பதை மட்டும் கொண்டு கோடையே இருந்ததில்லை என்று வாதிடுவது பலவீனமானது. வெப்பமண்டல மரங்களில் பல, பருவம் மாறினாலும் வளையம் காட்டுவதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றும் உண்டு. இந்த மரங்களில் கிளை இல்லை, பட்டை இல்லை, வேர் இல்லை. எங்கோ வளர்ந்து ஆற்றில் அடித்து வரப்பட்டவை. அப்படியிருக்க, இவற்றைக் கொண்டு இந்த இடத்தின் பழங்காலச் சூழலை எப்படிப் பேசுவது? மரத்தை மட்டும் பார்த்தால் இதற்கு விடை இல்லை. கூழாங்கல் கலந்த பருமணலில் பெருமரங்கள் கிடப்பது வெள்ளத்தின் வலிமையைத்தான் காட்டுகிறது. ஆனால் இதே கடலூர் மணற்கல்லில் சொன்னரேஷியா என்ற அலையாத்தி மரத்தின் இனமும் கிடைத்திருக்கிறது. அலையாத்தி மலையிலிருந்து உருண்டு வராது. அது கழிமுகத்தில், உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்றில் வளர்வது. ஆக இந்தப் படிவில் மேட்டுக் காடும் கரையோரச் சதுப்பும் சேர்ந்தே கிடக்கின்றன. ஓர் ஆற்றுப் படுகை முழுவதும் தன் தாவரங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சாட்சி ஒரு புள்ளிக்கு உரியதன்று, ஒரு வட்டாரத்துக்கு உரியது என்று திருத்திக்கொண்டால் மறுப்பின் கூர்மை போய்விடும்.

அடுத்தது மண். வானூர், புதுச்சேரி, கடலூர் மேடுகளின் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. சில இடங்களில் அது கட்டிதட்டிச் செம்புராங்கல்லாகவும், அடியில் இரும்பெல்லாம் கரைந்துபோய் வெண்களிமண்ணாகவும் இருக்கிறது. பாறையிலிருந்து கரையக்கூடியவை எல்லாம் கழுவப்பட்டு, கரையாதவை மட்டும் எஞ்சும்வரை வெப்பமும் மழையும் உழைத்ததன் விளைவு இது. தொல்மண்ணைப் படிப்பவர்கள் தேடுவது இப்படிப்பட்ட தடயங்களைத்தான்: எந்த ஆழத்தில் இரும்பு படிந்தது, எங்கே வெளுத்தது, வேர் ஓடிய தடம் எந்த அடுக்கில் நின்றது. செம்புராங்கல் உருவாக நிலத்தடி நீர் ஏறியும் இறங்கியும் இருக்கவேண்டும். அதாவது மழைக்காலமும் கோடையும் மாறிமாறி வந்திருக்கவேண்டும். மரம் நிறைந்த ஈரத்தைச் சொல்ல, மண் பருவமாற்றத்தைச் சொல்கிறது. இதை முரண் என்று எடுத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளிவிடத் தேவையில்லை. செம்புராங்கல் மூடி, மணற்கல் படிந்த பிறகு அதன் மேல் உருவானது, காட்டுக்குப் பிந்தியது. ஈரக் காடு பின்வாங்கிப் பருவமழை நாடாக மாறிய நெடுங்கதையின் இரு அத்தியாயங்கள் இவை என்பதே பொருத்தமான வாசிப்பு. அந்த வாசிப்பை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ தேவையான சான்று மரத்தைவிட, மரத்துக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளில்தான் அதிகம்.

என் கோபம் இங்கேதான். மரத்துக்கு வேலி போட்டிருக்கிறோம், மண்ணுக்கு இல்லை. வானூர் வட்டாரத்தில் மனைக்கும் சாலைக்கும் மேடாக்கச் செம்மண் வெட்டி லாரிகளில் ஏற்றுகிறார்கள், சுற்றிலும் ஜல்லிக் குவாரிகள். வெட்டப்படுவது வெறும் கிராவல் என்பது குத்தகைக் கணக்கு. ஆனால் ஒரு மேட்டைக் கரைத்தால் வேர்த்தடமும் அடுக்கின் வரிசையும் நிரந்தரமாகப் போகின்றன. அவற்றைத் திரும்ப அடுக்க வழியில்லை. வேலிக்குள் உள்ள மரத்தைச் சிமெண்டுத் திட்டில் தூக்கி வைத்து அழகுபார்க்கும் ஆசையும் இதே தவறுதான்: எந்தத் திசை நோக்கிக் கிடந்தது, எந்த மணலில் கிடந்தது என்பது அழிந்ததும் அது பெரிய கல் என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். மனிதர் செதுக்கிய கல்லைக் காக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புவியியல் சின்னங்களுக்கென்று 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக் கேட்க வெளியிட்டார்கள். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உண்டு. செம்மண் குத்தகை தருமுன் வெட்டப்படவிருக்கும் மேட்டின் ஒரு முகத்தைச் செங்குத்தாகச் சீவி, அடுக்கடுக்காக அளந்து, படமெடுத்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு பிடி மண்ணை எடுத்து வைக்க ஒரு புவியியலாளரை அனுப்பலாம். மாவட்ட நிர்வாகம் குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.