இடுப்பளவுத் தண்ணி

பொன்னேரி தாண்டி, பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எங்கள் ஆபீஸ் கோஷ்டிக்குப் படகு ஆசை வந்துவிட்டது.

"ஏரிதானே, இடுப்பளவுத் தண்ணி!" என்றான் நண்பன். (நீச்சல் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவன்.)

2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கேதான் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் சவாரிக்குத் தடை வந்தது. தெரிந்தேதான் ரகசியமாகப் பேரம் பேசினோம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிராமலே கேட்டார்: "எத்தினி பேரு?"

"பன்னிரண்டு."

"ஏரி இடுப்பளவுதான் தம்பி. முகத்துவாரத்துல கடல்தண்ணியும் ஏரித்தண்ணியும் முட்டிக்கும். காத்து திரும்பினா எங்க வூட்டுப் புள்ளைங்களையே எறக்க மாட்டோம்."

"நான் வரலைப்பா" என்றேன். பயந்தாங்கொள்ளிப் பட்டம் உடனே கிடைத்தது. ஆனால் அப்புறம் ஒருத்தரும் படகுப் பக்கம் நகரவில்லை.

டச்சுக்காரர் கல்லறைக்குப் போனோம். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள். நண்பன் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான்.