கழுதைக் கணக்கு

"உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் போலீஸ் அதிகாரியாகி மிரட்ட, அம்மா 4,000 ரிங்கிட்டை அனுப்பிவிட்டார். மக்காவ் மோசடி! நாளிதழில் படித்துச் சிரித்திருக்கிறேன் நண்பர்களே. அன்று சிரிப்பு வரவில்லை.

உடனே 997-க்கு அழைத்தேன். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி பதிலளிப்பு மையம் அது. பணம் அடுத்த கணக்கிற்குத் தாவுமுன் முடக்கப் பார்ப்பார்கள். எங்கள் பணம் முந்திக்கொண்டது. பிறகு போலீசாரின் 'செமாக் மியூல்' பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டினேன். ஏற்கெனவே மூன்று புகார்கள்!

மலாயில் இதை 'அக்காவுன் கெல்டாய்', அதாவது கழுதைக் கணக்கு என்பார்கள். சுமப்பது ஒருவர், அனுபவிப்பது வேறொருவர். போன செமஸ்டரில் என் அறைத்தோழன் 300 ரிங்கிட்டுக்குத் தன் ஏடிஎம் அட்டையை யாருக்கோ இரவல் கொடுத்தான். அந்தப் பணத்தில் அவன் வாங்கித் தந்த தே தாரிக்கை நானும் குடித்தேன்.