நினைத்த இடத்தில் நிற்கும் வண்டி

பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டில் ஒரு மாநாடு கூடும். எங்கே போவது, எதிலே போவது என்பவையே அதன் விவாதப் பொருள்கள். புகையிரதம் சிக்கனமானது, ஆனால் தனக்குரிய நிலையத்திலேதான் அது நிற்கும். பஸ் வண்டியோ எங்கும் நிற்கும்; ஆனால் நமக்காகக் காத்து நிற்காது. சொந்த வண்டி வாங்கும் வசதி நமக்கு இல்லை. இம்முறை தைப்பொங்கலை ஒட்டி வந்த விடுமுறையில், எழுபத்தெட்டு வயதான என் தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர், நான் ஆக ஐவர் கொழும்பிலிருந்து புறப்பட வேண்டியிருந்தது. தாயாருக்கு முன்னேஸ்வரத்தைத் தரிசிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கற்பிட்டிக் கடலிலே டொல்பின்களைக் காண வேண்டும். எனக்கோ புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் முழுவதையும் இரண்டே நாளிற் பார்த்து முடித்துவிட வேண்டும். இந்த மூன்று ஆசைகளையும் ஒருங்கே நிறைவேற்றக்கூடியது சாரதியோடு கூடிய வாடகை வண்டிதான் என்று மாநாடு தீர்மானித்தது.

தொலைபேசியிலே பேரம் நடந்தது. நாளொன்றுக்கு இவ்வளவு வாடகை. அதற்குள் இத்தனை கிலோமீற்றர். மிஞ்சினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக் கட்டணம். இரவு தங்கினால் சாரதிக்கு ஒரு படி. வண்டி தன் இருப்பிடத்தை விட்டுப் புறப்பட்டு மீண்டும் அங்கே சேரும் வரை ஓடிய தூரம் அனைத்தும் நம் கணக்கிலே சேரும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இவ்வளவும் கேட்ட நான் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அந்தச் சாரதி முதல் நாள் இரவு உறங்குவாரா என்பதுதான் அது.

அதிகாலை நான்கரை மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. சாரதி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். புத்தளம் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம். பிள்ளைகள் முதல் நிமிடத்திலேயே அவரை 'நானா' என்று அழைக்கத் தொடங்கினர். தாயார் 'தம்பி' என்றார். நான் மட்டும் 'டிரைவர்' என்றேன். என் கையில் நிமிடக் கணக்கோடு எழுதப்பட்ட கால அட்டவணை இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டுப் புன்னகையோடு, "சரி ஐயா, பார்ப்போம்" என்றார்.

நீர்கொழும்பைத் தாண்டிக் கொச்சிக்கடைப் பாலத்தில் மகா ஓயாவைக் கடந்ததும் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. பொழுது புலரும்போது இருமருங்கும் தென்னை, தென்னைக்கு அப்பாலும் தென்னை. குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து தெங்கு முக்கோணம் எனப் பெயர் பெற்ற நிலம் இது. 1929 முதல் தெங்கு ஆராய்ச்சிக்கு உறைவிடமாயிருக்கும் லுணுவில இவ்வழிக்குச் சற்று உள்ளே இருக்கிறது. வழியோரக் கடையிலே செவ்விளநீர் குடிக்க வேண்டும் என்றனர் பிள்ளைகள். அட்டவணையில் அதற்கு இடம் இருக்கவில்லை. ஆனால் வண்டி நின்றது. வாடகை வண்டியின் முதற் சுகத்தை அங்கேதான் அனுபவித்தோம்.

சிலாபத்துக்கு அருகே முன்னேஸ்வரத்தை அடைந்தோம். ஈழத்தின் பழம்பெரும் ஈச்சரங்கள் ஐந்தில் ஒன்று இத்தலம். இராமபிரான் இங்கு சிவனை வழிபட்டார் என்பது ஐதிகம். 1578ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் இடித்த இக்கோயில், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1753இல், மீண்டும் சிறப்புற்றது. ஆவணிப் பெருந்திருவிழாக் காலத்தில் இங்கே வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே அரிது. தை மாதத்திலோ பிராகாரம் அமைதியாயிருந்தது. என் அட்டவணை இத்தலத்துக்கு ஒதுக்கியது நாற்பத்தைந்து நிமிடம். வடிவாம்பிகை சந்நிதியில் அமர்ந்த தாயார், "உச்சிக் காலப் பூசை பார்த்துவிட்டுத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டார். நான் வெளியே வந்து சாரதியிடம் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா ஆறுதலாகக் கும்பிடட்டும், ஐயா. வண்டி எங்கே போகப் போகிறது?" என்றார் அவர்.

பூசை முடிந்து, அன்னதானத்திலும் பங்கு கொண்டு நாங்கள் புறப்பட்டபோது என் அட்டவணை நான்கு மணி நேரம் பின்தங்கியிருந்தது. மரநிழலில் நின்றிருந்த வண்டிக்குள்ளே அவர் கண்ணயர்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டியதும் திடுக்கிட்டு எழுந்து கதவைத் திறந்தார். அதை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

சிலாபத்துக்கு வடக்கே பிரதான வீதியை விட்டு மேற்கே திரும்பினால், முந்தற் களப்புக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் உடப்பு என்ற தமிழூர் உண்டு. இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தோரின் வழியினர் தாம் என்பர் இவ்வூர் மக்கள். திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் தீமிதிப்பு பெயர் பெற்றது. அட்டவணையில் இவ்வூர் இல்லை, சாரதிதான் சொன்னார்: "பிள்ளைகள் கரைவலை இழுக்கிறதைப் பார்த்ததில்லையே, ஐயா?"

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியடையும் மாதங்களே இக்கரையில் கரைவலைக்கு உரிய காலம். வலையின் ஒரு முனையைக் கரையிலே விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் அரைவட்டமாய்ச் சென்று, மறுமுனையைத் தூர ஒரு கரையிடத்தே சேர்க்கிறது. இரு புறமும் வரிசையாக நின்று மடியைக் கரைக்கு இழுக்கிறார்கள். இழுப்பவர்களின் கைகளும் கால்களும் ஒரே தாளத்திற்கு இயங்க வேண்டும். அதற்காகவே அம்பா என்னும் பாட்டு. ஒருவர் முதலடி எடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுகின்றனர். எங்கள் பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்தனர். மடி கரைசேர்ந்தபோது அவர்கள் கண்ட மகிழ்ச்சியை எந்த மிருகக்காட்சிச் சாலையிலும் நான் கண்டதில்லை.

புத்தளத்தை அடைந்தபோது கதிரவன் களப்பை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தான். பாலாவிப் பக்கத்து உப்பளங்களிலே பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் வானம் சிவந்து கிடந்தது. இறங்கி நின்று பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லத் தொடங்கினேன்.

1344இல் மாலைதீவிலிருந்து வந்த அராபியப் பிரயாணி இபுன் பதூதா, பத்தாலா என்ற ஊரிலே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்தப் பத்தாலாவே புத்தளம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. பாவாத மலையைத் தரிசிக்க விரும்பிய அவருக்கு மன்னன் ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்கும் ஆட்களையும் கொடுத்தான். வழிகாட்ட நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், பரிவாரத்தினர் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் உடன் சென்றனர். அவரை ஏற்றிவந்த மரக்கலத்தின் தலைவனோ, ஓர் ஆண்டாயினும் காத்திருப்பேன் என்றான். நாம் இன்று வந்த வழியிலேதான், தெற்கு நோக்கிச் சிலாபம் வரை, அப்பல்லக்குச் சென்றிருக்க வேண்டும்.

"அந்தக் காலத்து வாடகை வண்டி!" என்று பெருமையோடு முடித்தேன்.

தாயார் கேட்டார்: "பல்லக்குத் தூக்கினவர்கள் இராத்திரியில் எங்கே படுத்தார்கள்?"

எனக்கு விடை தெரியவில்லை.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். இரவே அங்கு போய்ச் சேர்ந்தால்தான் விடியற்காலைப் படகிலே டொல்பின் பார்க்கலாம். "புறப்படுவோம், டிரைவர்" என்றேன். அவர் அசையவில்லை. வண்டியின் கதவைப் பிடித்தபடி தலை குனிந்து நின்றார்.

"மன்னிக்க வேணும் ஐயா. இனி நான் ஓட்ட மாட்டேன். கண் சொருகுது. நேற்று இராத்திரி ஒரு மணிக்கு விமான நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட்டு நேரே உங்களிடம் வந்தேன். இருட்டில் மாடுகள் வேறு வீதியில் படுத்திருக்கும். உங்கள் பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள்."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பணம் பேசியாயிற்று, முற்பணமும் கொடுத்தாயிற்று. இப்போது நடுவழியில் மறுப்பதா? வாயைத் திறக்குமுன் மனைவி என் கையைப் பிடித்தாள். "காலையில் கோயிலடியில் அவர் தூங்கினதை நீங்கள் பார்க்கவில்லையா?" என்றாள். பார்த்திருந்தேன், பார்த்தும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

புத்தளத்திலே ஒரு விடுதியிற் தங்கினோம். அங்கே சாரதிகளுக்கென அறை இல்லை. வண்டிக்குள் படுத்துக்கொள்வதாக அவர் சொன்னார். தாயார் சம்மதிக்கவில்லை. அவருக்கென்று தனியறை எடுத்தோம். பேசிய வாடகைக்கு மேல் அது ஒரு செலவுதான். இராச் சாப்பாட்டின்போது அவரை எங்கள் மேசைக்கே அழைத்தோம். அப்போதுதான் அவர் தம் தொழிலைப் பற்றிச் சொன்னார். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் உல்லாசப் பிரயாணிகள் வரவில்லை. 2020இல் பெருந்தொற்று. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு. பெற்றோலுக்காக இரண்டு இரவும் ஒரு பகலும் வண்டியை வரிசையில் விட்டுக் காத்திருந்தாராம். வண்டியின் கடனோ மாதந்தோறும் வந்துகொண்டே இருந்தது. "அதனால் இப்போது வருகிற ஓட்டம் எதையும் விட மனம் வருவதில்லை, ஐயா. நேற்று இரண்டையும் ஏற்றது என் பிழைதான்" என்றார். அந்தப் பிழையிலே பாதி என்னுடையது என்று எனக்குப் பட்டது. குறைந்த வாடகையைத் தேடி ஐந்து பேரிடம் பேரம் பேசியவன் நான்.

மறுநாள் நாங்கள் கற்பிட்டியை அடைந்தபோது படகுகள் புறப்பட்டுப் போய்விட்டன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை இக்கடலிலே டொல்பின்கள் கூட்டமாய் வரும். ஆனால் படகுகள் விடிந்ததும் புறப்பட்டுவிடும். மகள் அழுதுவிட்டாள். அந்த இழப்பை நான் ஈடுசெய்ய முடியாது. அதற்குப் பதிலாக, களப்பின் வாயிலைக் காத்துக் கண்டி இராச்சியத்தின் வணிகத்தைக் கட்டுப்படுத்தவென ஒல்லாந்தர் 1667இற் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்தோம். இன்று அது கடற்படையினரின் பொறுப்பில் இருக்கிறது. திரும்பும் வழியில் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்திலே தாயார் மெழுகுதிரி ஏற்றினார். நுரைச்சோலையிலே 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியையும், காற்றாலைகள் சுழல்வதையும் மகன் எண்ணிக் கணக்கெடுத்தான்.

ஆனால் அந்தப் பயணத்தில் என் மனத்தை விட்டு அகலாத இடம் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாதது. கோட்டையைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறியதும் சாரதி திரும்பி, தயக்கத்தோடு கேட்டார்: "ஐயா, ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் நிறுத்தலாமா?"

இரண்டு நாளில் அவர் தமக்காகக் கேட்டது அது ஒன்றே.

களப்போரமாக வண்டி நின்றது. சில தோணிகள், காயும் வலைகள், கருவாட்டு மணம். அவர் இறங்கி நீரின் விளிம்பு வரை நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"1990 ஒக்டோபரில் நாங்கள் வந்து இறங்கிய கரை இது, ஐயா. எனக்கு ஆறு வயது. மன்னாரிலிருந்து படகில் வந்தோம். வாப்பாவின் தோளில் இருந்தபடி இந்தத் தென்னைகளைத்தான் முதலில் கண்டேன்."

அம்மாதத்திலேதான் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்தனர். பாலாவி முதல் கற்பிட்டி வரை நாங்கள் கடந்து வந்த வீதியோரத்திலே கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். காலையிலே அவ்வீதியின் வழியே விரைந்தபோது நான் கண்டவை காற்றாலைகள் மட்டுமே.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐந்து நிமிடம் ஆகிவிட்டது, ஐயா. போவோம்" என்றார்.

"ஆறுதலாகப் பாருங்கள், தம்பி" என்றேன்.

அன்று மாலை பொழுது சாயுமுன் கொழும்பு வந்து சேர்ந்தோம். அட்டவணையிலே கண்டிருந்த இடங்களில் பாதியைப் பார்க்கவில்லை.

விடுமுறைக்கு வண்டி அமர்த்த எண்ணும் அன்பர்களுக்கு இரண்டொரு வார்த்தை. வாடகையையும் கிலோமீற்றர் கணக்கையும் முன்கூட்டியே எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்குரிய காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். வில்பத்து வனத்துக்குள் போவதானால் அதற்கு வேறாக ஜீப் வண்டி வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தங்கும் விடுதியிலே சாரதிக்கு அறையும் உணவும் உண்டா என்று உங்கள் அறையைப் பேசும்போதே பேசிவிடுங்கள். முதல் நாள் இரவு அவருக்கு ஓட்டம் உண்டா என்பதைத் தவறாமற் கேளுங்கள். உண்டென்றால் பயணத்தை அரை நாள் தள்ளி வையுங்கள். நினைத்த இடத்திலெல்லாம் நமக்காக வண்டி நிற்கிறதென்றால், அங்கெல்லாம் ஒருவர் தம் நேரத்தையும் உறக்கத்தையும் நமக்காகச் செலவிட்டுக் காத்திருக்கிறார்.

அடுத்த விடுமுறைக்கு அவரிடமே வண்டி பேசியிருக்கிறோம். மகளுக்கு டொல்பின் பார்க்க வேண்டும். புறப்படும் நேரத்தைக் குறிக்கும் பொறுப்பை இம்முறை அவரிடமே விட்டிருக்கிறேன்.