நெக்கர் நதிக்கரையில் ஒரு பாஷைப் படிப்பு

ஜெர்மனியில் ஹைடல்பர்க் என்றாலே மலைச் சரிவில் நிற்கும் சிவப்புக் கல் கோட்டையைத்தான் சொல்வார்கள். கீழே நெக்கர் நதி. அதன் மேல் பழைய கல் பாலம். என் மூத்த பெண் அங்கேதான் ஜெர்மன் மொழியும் இலக்கியமும் படிக்கிறாள். பத்து நாள் அவளோடு இருந்துவிட்டு வந்தேன். "இதைப் படிச்சு என்ன பண்ணப் போறா?" என்று என் நாத்தனார் முதல் எதிர்வீட்டு மாமி வரை கேட்டாயிற்று. பார்த்ததைச் சொல்கிறேன், சகோதரிகளே. நீங்களே முடிவு செய்யுங்கள்.

பல்கலைக் கழகம் 1386-ல் ஆரம்பித்தது. ஜெர்மனியிலேயே மிகப் பழசு இதுதான். ஜெர்மன் துறை இருப்பது கோட்டை அடிவாரத்தில், போய்ஸரே மாளிகையில். போய்ஸரே சகோதரர்கள் அங்கே சேர்த்து வைத்திருந்த பழைய ஓவியங்களைப் பார்க்க மகாகவி கதே 1814-லும் 1815-லும் வந்திருக்கிறார். அவர் வந்து போன வீட்டிலேயே அவர் எழுத்தைப் படிப்பதென்றால் சும்மாவா!

ஆனால் பாஷை லேசில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்பால், பெண்பால், இரண்டுமில்லாத பால் என்று உண்டு. சாப்பாட்டு மேஜையிலேயே பாடம் நடத்தினாள். ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. சூரியன் பெண்ணாம், சந்திரன் ஆணாம்!

"சரிடி, பொண்ணு?" என்றேன்.

"அது ரெண்டும் இல்லேம்மா" என்று சிரித்தாள். 'மேட்ஷென்' என்றால் சிறுமி. கடைசியில் வரும் 'ஷென்' சின்னதைக் குறிக்கும் விகுதி. அது ஒட்டிக்கொண்டால் எந்தச் சொல்லும் இரண்டுமில்லாத பாலுக்குப் போய்விடுமாம்.

இலக்கணத்துக்கு நானும் சிரித்தேன். அடுத்துச் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே பெண்களை முறைப்படி மாணவிகளாகச் சேர்த்தது 1900-ல்தானாம். அதாவது 514 வருஷம் கழித்து! அப்படியும் ஜெர்மனியில் முதலில் கதவைத் திறந்தது இந்த பாடன் பகுதிதான். என் பெண்ணின் வகுப்பு வாசலில் இன்று நின்றவர்களில் பெண்களே அதிகம். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செலவு உண்டுதான். நம்மைப் போல ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். சாப்பாடு, வாடகை தனி. சேருவதற்கு முன்பே ஜெர்மன் பரீட்சை தேறியாக வேண்டும். ஏ1-ல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். இங்கேயே பொறுமையாகப் படித்து ஏறிவிட்டுப் போவது நல்லது. தேறினால் மொழிபெயர்ப்பு, ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பெண் ஒரு பாஷை படிக்க ஆசைப்பட்டால், "எதுக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை வருஷம், எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். பாக்கியை அவள் பார்த்துக்கொள்வாள்.