சிறிய அடிகள்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவருக்கு நாள்கள் இரண்டே வகை: குடை தேவைப்படும் நாள், குடை தேவைப்படாத நாள். குளிர் என்றால் நமக்குத் தெரிந்தவை திரையரங்கின் குளிரும் நூலகத்தின் குளிரும்தான். ஒரு மெல்லிய மேற்சட்டை இருந்தால் அவற்றைச் சமாளித்துவிடலாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் நான் ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவுக்குச் சென்றேன்.

ஜப்பானியப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியர்களாகப் பணியாற்ற வெளிநாட்டு இளையர்களை அழைக்கும் திட்டம் ஒன்று 1987ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. அதன்வழி எனக்குச் சப்போரோ நகரிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஏறத்தாழ இரண்டு மில்லியன் மக்கள் வாழும் பெருநகரம் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் பனி பொழிகிறது. அத்தனை பனி பொழிந்தும் பள்ளிகள் இயங்குகின்றன, ரயில்கள் ஓடுகின்றன, கடைகள் திறக்கின்றன. அதே தீவில் இருக்கும் அசாஹிகாவா நகரில், 1902ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 41 பாகை செல்சியஸ் வரை இறங்கியதாம். அதைக் கேட்டபோது, “நல்ல வேளை, நான் சப்போரோவில் இருக்கிறேன்” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஆகஸ்டு மாதம் நான் போய் இறங்கியபோது ஊர் வெயிலில் மின்னியது. குளிர்காலம் வந்த பிறகே என் உண்மையான பாடங்கள் தொடங்கின.

முதல் பாடத்தைத் தேங்காய் எண்ணெய் நடத்தியது. அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெய்ப் புட்டி, அக்டோபர் மாதத்திலேயே வெள்ளைக் கல்லாக மாறிவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். ஆனால், காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், கரண்டிக் காம்பால் எண்ணெயைச் சுரண்டி எடுத்தபோதுதான் அந்த அறிவியல் எனக்கு விளங்கியது. தொலைபேசியில் இதைச் சொன்னதும் அம்மா சிரித்தார். “எண்ணெய் கிடக்கட்டும். குளித்தால் தலையை நல்லாத் துவட்டுப்பா” என்றார். அவர் சொன்னதன் அருமை விரைவிலேயே தெரிந்தது. ஈரம் முழுவதும் உலராத தலையோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். அங்கே தலையைத் தொட்டுப் பார்த்தபோது, முடி சிறு சிறு குச்சிகளாக விறைத்து நின்றது.

அடுத்த பாடம் தண்ணீர்க் குழாயிடமிருந்து வந்தது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. குழாய்க்குள் உறைந்தால், அது குழாயையே பிளந்துவிடும். அதனால், கடுங்குளிர் நாள்களில் வெளியூர் செல்பவர்கள் வீட்டுக் குழாய்களில் உள்ள நீரை முழுவதுமாக வடித்துவிட்டுச் செல்வார்கள். அதற்கென்றே வீடுகளில் தனித் திருகு உண்டு. நானும் வடித்துவிட்டுத்தான் இரண்டு நாள் வெளியூர் சென்றேன். ஆனால், என் குடியிருப்பு மிகப் பழையது, திருகும் பழையது. உள்ளே எங்கோ சிறிது நீர் தங்கிவிட்டது. திரும்பி வந்து குழாயைத் திறந்தால், ஒரு சொட்டு நீர்கூட வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சென்று, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில், “தண்ணீர் தூங்குகிறது” என்றேன். பாட்டிக்குப் புரிந்துவிட்டது. இரண்டு துண்டுகளோடு வந்தார். அவற்றைக் குழாயைச் சுற்றிக் கட்டி, வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினார். நான் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நீரைக் கொண்டு வந்தபோது, கையை உயர்த்தித் தடுத்தார். கொதிநீர் பட்டால் குழாய் வெடித்துவிடும் என்று சைகையால் விளக்கினார். அரை மணி நேரம் கழித்துக் குழாய் ஒருமுறை இருமியது; பிறகு நீர் வந்தது. நான் பலமுறை நன்றி சொன்னேன். பாட்டியோ, “என் குழாய் உறையும்போது நீங்கள் ஊற்றுங்கள்” என்று சொல்லிவிட்டுத் துண்டுகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் நடந்தவை இவை. வெளியே, சாலையில் நடந்தது வேறு.

சப்போரோ நகரின் குளிர்காலச் சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு, பனிக்காலத்தில் வாகனங்களுக்கு ஆணி பதித்த டயர்களைப் பொருத்துவார்கள். அவை பனியை நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆனால், கூடவே சாலையையும் சுரண்டும். அப்படிச் சுரண்டப்பட்ட தூசு காற்றில் பரவி மக்களின் உடல்நலத்தைக் கெடுத்தது. ஆகவே, 1990ஆம் ஆண்டு ஜப்பான் அத்தகைய டயர்களைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. காற்று தூய்மையானது. ஆனால், ஆணியில்லாத டயர்கள் சாலைச் சந்திப்புகளில் நின்று நின்று புறப்படும்போது, பனியை மெருகேற்றிக் கண்ணாடியைப் போல ஆக்கிவிடுகின்றன. ஒரு சிக்கலைத் தீர்க்கப்போய் இன்னொன்று முளைத்தது.

அதற்கும் ஊரார் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வழுக்கும் இடங்களுக்கு அருகே சிறிய பெட்டிகள் வைக்கப்பட்டிருக்கும். அவற்றுள் கற்பொடி நிறைந்த பைகள் இருக்கும். அவ்வழியே போகும் யார் வேண்டுமானாலும் ஒரு பையை எடுத்துத் தரையில் தூவலாம். தூவும்படி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தூவியவரின் பெயரை யாரும் குறித்து வைப்பதுமில்லை.

ஜனவரியில் குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய வாரம். அடியில் பற்றுள்ள காலணியைத்தான் அணிந்திருந்தேன். பள்ளிக்கு முன்னால் உள்ள சாலைச் சந்திப்பில், பச்சை விளக்கு எரிந்ததும் நடந்தேன். நான்காவது அடியில் வானம் தெரிந்தது. என் பை ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். திருத்தி எடுத்துச் சென்ற மாணவர்களின் பயிற்சித் தாள்கள் பனியின்மீது பறந்தன. எதிரே மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். சிரிப்பொலி எழும் என்று காத்திருந்தேன், எழவில்லை. அவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் தாள்களைப் பொறுக்கித் தந்துவிட்டு, வேகமாக நகர்ந்தார்கள்.

அதன் காரணத்தைப் பின்னர் ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியர் விளக்கினார். ஜப்பானிய மொழியில் ‘வழுக்குதல்’ என்ற சொல்லுக்குத் ‘தேர்வில் தோற்றல்’ என்ற பொருளும் உண்டு. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மார்ச் மாதத் தொடக்கத்தில் அடுத்த பள்ளிக்கான நுழைவுத் தேர்வை எழுதுவார்கள். அதனால், அவர்கள் காதுபட யாரும் ‘வழுக்கியது’, ‘விழுந்தது’ என்று சொல்லமாட்டார்கள். இது எனக்கு விந்தையாகத் தோன்றவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாமும் ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்றுதானே சொல்கிறோம்? அங்கே சில ரயில் நிறுவனங்கள், சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் தூவும் மணலைச் சிறு பைகளில் இட்டுத் தேர்வெழுதும் மாணவர்களுக்கு வழங்குவதும் உண்டு.

ஆனால், அன்று எனக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் மூன்றாம் ஆண்டு மாணவன் அல்லன். நான் கற்பிக்கும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவன். நான்கு மாதங்களில் அவன் என்னிடம் பேசியவை ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே ஆங்கிலச் சொற்கள். அன்று என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, “சிறிய அடி, சென்செய். பெங்குவின்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். சென்செய் என்றால் ஆசிரியர். பிறகு, தானே பெங்குவினைப் போல் கால்களைச் சற்று அகட்டி, குறுகிய அடிகள் எடுத்துவைத்து, சாலையைக் கடந்து காட்டினான். நான் அவன் பின்னால் நடந்தேன்.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் நல்ல மாணவர்கள். எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுவார்கள். பேசச் சொன்னால் மட்டும் வகுப்பே உறைந்துவிடும். சொல் தவறிவிட்டால் நண்பர்கள் முன்னிலையில் வெட்கமாகிவிடுமே என்ற அச்சம். நான் பாட்டுப் பாட வைத்தேன்; விளையாட்டு நடத்தினேன்; பரிசுகூடக் கொடுத்தேன். எதுவும் பயன் தரவில்லை.

மறுநாள் கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதினேன்: “சப்போரோவில் விழாமல் நடப்பது எப்படி? எனக்குக் கற்றுக்கொடுங்கள்.” பிறகு, பலகைக்கு முன்னால் நின்று, முதல் நாள் விழுந்ததைப் போல ஒருமுறை நடித்தும் காட்டினேன்.

முதலில் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “பாதம் முழுவதும் கீழே” என்றாள். இன்னொருவன், “சட்டைப்பையில் கை, வேண்டாம்” என்றான். “வெள்ளைக் கோடு மிதிக்காதே. அது மிகவும் வழுக்கு” என்றாள் மற்றொருத்தி. உண்மைதான், சாலையைக் கடக்கும் இடத்தில் பூசிய வெள்ளைக் கோடுகள்மீது பனி படிந்தால் கால் நிற்காது. “பையை முதுகில் போடு. கை இரண்டும் வேண்டும்” என்று ஒருவன் எழுந்து நின்றே சொன்னான். சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன, காலங்கள் குழம்பின, இலக்கணம் பலமுறை சறுக்கியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏனெனில், அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அது எனக்குத் தேவைப்பட்டது. மணி அடித்த பிறகும் இருவர் என் காலணியைத் திருப்பிப் பார்த்து, அதன் அடிப்பாகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

அன்று முதல் அந்த வகுப்பு மெல்ல உருகத் தொடங்கியது. பிப்ரவரியில் சப்போரோ பனி விழா வந்தது. 1950ஆம் ஆண்டு, ஓதோரிப் பூங்காவில் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் ஆறு பனிச் சிலைகளைச் செய்து வைத்தார்களாம். உலகெங்கிலுமிருந்து மக்கள் காண வரும் விழா, அந்த ஆறு சிலைகளிலிருந்து வளர்ந்தது. இதை நான் நூலில் படித்து அறியவில்லை. “எங்களைப் போன்ற மாணவர்கள் செய்தார்கள், சென்செய்” என்று என் வகுப்பினரே ஆங்கிலத்தில் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் இருந்த பெருமிதத்துக்கு எந்த இலக்கணப் பிழையும் தடையாக இருக்கவில்லை.

மார்ச் மாதம் பிறந்தது. அங்கே கடுங்குளிர்க் காலத்தில் மட்டும் சாலை வழுக்குவதில்லை. குளிர் விடைபெறும் காலத்திலும் வழுக்கும். பகலில் வெயில் பட்டுப் பனி உருகும். அந்த நீர் இரவில் மீண்டும் உறையும். காலையில் சாலை பளிங்குத் தரையாகிவிடும்.

நுழைவுத் தேர்வு நாளன்று எனக்கு விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களில் பலர், பள்ளிக்கு முன்னால் உள்ள அதே சந்திப்பைக் கடந்துதான் பேருந்து ஏற வேண்டும். கற்பொடி தூவலாம் என்று ஆறு மணிக்குக் கிளம்பிச் சென்றேன். மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை எழுந்தது. தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

சந்திப்பில் எனக்கு முன்பே ஒருவர் குனிந்து நின்று தூவிக்கொண்டிருந்தார். அருகில் சென்றபோதுதான் தெரிந்தது, அவன் அந்த ஜன்னலோர மாணவன். சாலையின் ஒரு பாதி ஏற்கெனவே சாம்பல் நிறமாக மாறியிருந்தது. காலியான பைகளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் சிவந்தது. குளிரால் மட்டும் அன்று.

“என் அக்கா இந்த வழியாகப் போவாள்” என்றான்.

ஆங்கிலத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் அது. ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ஆனால், அப்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. “மறுபாதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். அவன் பெட்டியிலிருந்து இரண்டு பைகளை எடுத்து என் கையில் கொடுத்தான். இருவரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து தூவிக்கொண்டே வந்து, நடுவில் சந்தித்துக்கொண்டோம்.

ஏழு மணிக்குப் பிறகு அவர்கள் வந்தார்கள். சிலர் கையில் குறிப்பட்டைகள். சிலர் உதடுகள் எதையோ மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அவனுடைய அக்காவும் இரண்டு தோழியரோடு வந்தாள். அவன் சட்டென்று விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். நான் தலைகுனிந்து காலை வணக்கம் சொன்னேன். ‘கவனம்’ என்றோ, ‘பார்த்துப் போங்கள்’ என்றோ சொல்லவில்லை. அந்தச் சொற்கள்கூட அவர்களுக்கு வழுக்கலை நினைவூட்டிவிடுமே!

பச்சை விளக்கு எரிந்தது. கற்பொடி அவர்களின் காலணிகளுக்கு அடியில் நறநறவென்று ஒலித்தது. தரையைப் பார்க்காமல், குறிப்பட்டைகளைப் பார்த்தபடியே அவர்கள் சாலையைக் கடந்து சென்றார்கள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை, ஏன் தடுமாறவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது.