துரை பார்க்கிற மலை

ஹட்டன் டவுனில் ஒரு டியூஷன் வகுப்பறை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பதினொரு பிள்ளைகள், ஏழு போன்கள். ஆளுக்கு ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்கவேண்டும். அதற்கு முன்னால் தொடக்கத்தை மட்டும் எடுத்துவந்து மற்றவர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதல் வாரம் அது கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "நல்லாருக்கு", "சூப்பர்", "மியூசிக் நல்லாருக்கு". அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

கூச்சம் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது வேறொன்று தோன்றியது. சின்ன வயதில் அம்மாவோடு கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போவேன். மூட்டைக்குள் கைவிட்டு முத்தல் இலையை இழுத்து வெளியே போடுவார்கள். ஈரத்துக்கு என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். கணக்குக் குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். குற்றம் சொல்வது கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை ஆகியோரின் வேலை. பக்கத்து நிரையில் நிற்கிற பொம்பளை சொல்லமாட்டார். நம் கூடை குறைவாக இருந்தால் தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிடம் கூட்டாளியின் படத்தில் குறை கண்டுபிடி என்றால் என்ன செய்வார்கள்?

அடுத்த வாரம், நல்லது கெட்டது எதுவும் சொல்லவேண்டாம், ஆளுக்கொரு கேள்வி மட்டும் கேளுங்கள் என்றேன்.

பதினொன்றில் ஆறு படங்கள் ஒரே மாதிரித் தொடங்கின. மூடுபனி விலகும், பச்சைச் சரிவு தெரியும், கூடையோடு ஒரு பெண் திரும்பிச் சிரிப்பாள், பின்னால் புல்லாங்குழல். தேயிலை டின்னின் வெளியே ஒட்டுகிற படம். மூன்றாவது தடவை அதே பெண் திரும்பிச் சிரித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "இத யாரு நின்னு பாக்குறது?"

"கேமராதான்" என்றான் எடுத்தவன்.

"கேமரா எங்க நிக்குது?"

"பங்களா ரோட்டுல."

"அப்ப தொரைதானே பாக்குறாரு."

வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். நோக்குநிலை என்று பலகையில் எழுதிப் பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சூட்டோடு 'சாங் ஆஃப் சிலோன்' படத்தின் தொடக்கத்தைப் போட்டுக் காட்டினேன். 1934இல் பசில் ரைட் எடுத்தது, பணம் போட்டது சிலோன் தேயிலைப் பிரசார சபை. பெரிய பெரிய இலைகள் இருட்டில் மெதுவாக நகரும், லயனல் வென்ட்டின் குரல் ரொபர்ட் நொக்ஸின் பழைய புத்தகத்திலிருந்து வாசிக்கும். பிறகு சனம் சிவனொளிபாத மலை ஏறும். "நம்ம நல்லதண்ணிப் பக்கம்!" என்று மஸ்கெலியாப் பிள்ளைகள் கத்தினார்கள். ஒருத்தி மட்டும், "தேயிலைக் காசுல எடுத்த படம்னீங்க, இன்னும் ஒரு செடியக் காணோமே சேர்" என்றாள். எனக்கு அந்தப் படம் இன்றும் பிடிக்கும். ஆனாலும் அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வரவில்லை. நம் ஆட்களைப் பற்றிய படம் என்று கேட்டால் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' (1975), சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' (2013) என்று விரல்விட்டு எண்ணத்தான் முடிகிறது.

அன்று அதிகம் அடிபட்டது வேறொருவன். நம் ஆட்கள் மலைக்கு வந்து இருநூறு வருடமானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் அவனுடைய மாமாவும் ஒருவர். அந்தச் சூடு இன்னும் தணியவில்லை. கறுப்புத் திரையில் அவன் குரல் மட்டும் வந்தது: 1823, கோப்பி, கப்பல், 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. முடிந்ததும் முன்வரிசையிலிருந்து கேள்வி வந்தது: "படம் எப்ப ஆரம்பிக்கும்?"

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு மனதுக்குள் அவன் பக்கம்தான். இதையெல்லாம் அவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஆனால் கேட்டவனும் தப்பாகக் கேட்கவில்லை.

கித்துல்கலயில் பாலம் கட்டி டேவிட் லீன் எடுத்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' (1957) தொடக்கத்தை அவனுக்காகவே போட்டேன். டிக்கோயாவில் பெய்கிற மழை கித்துல்கலயைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது, அந்த உரிமை நமக்கு உண்டு. ஆகாயத்தில் ஒரு பருந்து வட்டமிடும். கீழே காடு. பிறகு தண்டவாளத்து ஓரமாகச் சிலுவைகள். எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அவன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் என்னிடம் மெதுவாக, "நமக்குச் சிலுவைகூட இல்லையே சேர். செடிதானே இருக்கு" என்றான்.

துரை பார்க்கிறார் என்று சொன்ன பிள்ளையின் படம் கடைசியாக வந்தது. விடியற்காலை லயத்து வீடு. அடுப்பு வெளிச்சத்தில் அவள் அம்மா ரொட்டி தட்டுகிறார், இடுப்பில் படங்கு கட்டுகிறார், தூரத்தில் ஸ்டோர் சங்கு. நன்றாகவே இருந்தது. கேள்வி கேட்கும் முறை அந்த 1823காரனுக்கு வந்தது.

"ஒங்கம்மா ரொட்டி தட்டுற நேரம் நீ எங்க இருப்ப?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "பாயில படுத்திருப்பேன்" என்றாள். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு புதிதாக எடுத்து வந்திருந்தாள். போனைத் தரையில் தலையணைமேல் வைத்து எடுத்திருக்கிறாள். அம்மாவின் முகம் தெரியவில்லை. வெடித்த குதிகால் இரண்டும் அடுப்புக்கும் கதவுக்கும் இடையே போய்ப் போய் வந்தன. போர்வையின் ஓரம் பாதித் திரையை மறைத்திருந்தது. ஒருதரம் அந்தக் கால்கள் கேமராவுக்குக் கிட்ட வந்து நின்றன, ஒரு கை குனிந்து போர்வையை இழுத்துவிட்டது, திரை முழுதும் இருட்டானது.

ஒருவரும் சூப்பர் என்று சொல்லவில்லை. முன்வரிசைக்காரன்தான், "இன்னொருக்காப் போடு" என்றான்.